வாங்கியவர் எழுதட்டும்: சேர்ந்து தங்குகிறவர்களுக்குச் சின்னக் கணக்கு

சென்னைக்கு வேலைக்கு வந்து நாலு பேராகச் சேர்ந்து வீடு பிடித்துத் தங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாய் எங்கே வாங்கலாம், எந்த ஏரியாவில் தண்ணீர் நன்றாக வரும், எந்த மெஸ்ஸில் சாப்பிட்டால் வயிறு கெடாது என்றெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறது. நண்பர்களுக்குள் ஓடும் சின்னக் கணக்கை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் ஏழு வருடம் இப்படித் தங்கினேன். முதலில் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன், பிறகு பள்ளிக்கரணையில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வீடு. அந்த ஏழு வருடத்தில் சமையல் சரியில்லை என்றோ குறட்டை தாங்கவில்லை என்றோ யாரும் வீட்டை விட்டுப் போகவில்லை. மனக்கசப்போடு போனவர்கள் இரண்டு பேர். இரண்டுமே இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கிய விஷயம். அதில் ஒருவன் போனதற்கு நான்தான் காரணம்.

2018-இல் அறையில் இருந்த தேனிக்காரனுக்கு 1,500 ரூபாய் கைமாற்று கொடுத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நான் ஊருக்குப் போகக் கோயம்பேட்டில் நிற்கிறேன். பஸ் புறப்படப் போகிறது. படியில் கால் வைத்தபோது மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நாலாக மடித்து என் உள்ளங்கையில் திணித்தான். சட்டைப் பையில் போட்டேன். அதிலேயே டிக்கெட் எடுத்தேன், வழியில் டீ குடித்தேன், ஊரில் அம்மா கையில் கொஞ்சம் கொடுத்தேன். திங்கட்கிழமை திரும்பி வந்தபோது அந்தப் பணம் வந்ததே எனக்கு நினைவில் இல்லை. இரண்டு மாதம் கழித்து, "அந்த ஆயிரத்து ஐந்நூறு என்னாச்சுடா?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் ஜிபேயில் அனுப்பினான். அடுத்த மாதமே வேறு அறை பார்த்துக்கொண்டான். ரொம்ப நாள் கழித்து, அன்று பஸ் ஸ்டாண்டுக்கு எங்களோடு வந்திருந்த இன்னொருவன் பேச்சுவாக்கில் சொன்னான்: "நீ பஸ் ஏறும்போது கையில குடுத்தானேடா, நான் பக்கத்துலதான நின்னேன்." உடனே பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு தேனிக்காரனைக் கூப்பிட்டேன். "விடுடா" என்றான். அதற்குமேல் அவன் பேசவில்லை.

அவன் ஏமாற்றவில்லை. நானும் ஏமாற்றவில்லை. கொடுத்த பணம் கொடுத்தவனுக்கு நன்றாக நினைவிருக்கும். வந்த பணம் செலவோடு கலந்து மறந்துபோகும். மனித மனம் அப்படி. அதனால்தான் எழுத வேண்டும் என்கிறேன். அதுவும் யார் எழுதுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும் ஊர்கள். விருந்துப் பந்தலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை எண்ணி வாங்குவார், பக்கத்திலிருப்பவர் நோட்டில் எழுதுவார். ஊர், தெரு, இனிஷியலோடு பெயர், தொகை. ஒரே பெயரில் ஐந்து பேர் இருப்பார்கள் என்பதால் தெருவும் இனிஷியலும் விடுபடக் கூடாது. மொய் செய்தவர் பக்கத்தில் நின்று தன் பெயர் சரியாக ஏறியதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார். எழுதியதற்காக யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. எழுதாமல் விட்டால்தான் வருத்தம். எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் மொய் நோட்டுகளில் பிள்ளையார் சுழிக்குக் கீழே அப்பா சாய்வாக எழுதியிருப்பார். பின்னாளில் அந்த வீடுகளில் விசேஷம் வரும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

அங்கே எழுதுவது யார் என்று கவனியுங்கள். பணம் வாங்கிக்கொள்கிற வீட்டுக்காரர். கொடுத்தவர் தன் வீட்டில் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் பந்தலில், எல்லார் கண் முன்னாலும், வாங்குகிறவர் எழுதுகிறார். நண்பர்களுக்குள்ளும் இதுதான் சரி. கொடுத்தவன் எழுதினால் வாங்கியவனுக்கு அது குத்தும்: "நூறு ரூபாய்க்குக் கணக்கு எழுதுறான் பாரு." வாங்கியவன் எழுதினால் அதே வரி மரியாதை ஆகிவிடுகிறது.

முதல் நாள் ராத்திரி

சாமான் இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் பரோட்டா பார்சலைப் பிரிக்கும்போதே நாலு விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பேசினால் அதே பேச்சு குற்றச்சாட்டாகக் கேட்கும்.

முதலாவது, எது பொது, எது சொந்தம். வாடகை, இ.பி., கேஸ், தண்ணி கேன், அரிசி, பருப்பு, எண்ணெய், துடைப்பம், பினாயில் எல்லாம் பொது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஷாம்பு, சிகரெட், தனியாக வரவழைத்துச் சாப்பிடும் பிரியாணி எல்லாம் சொந்தம். சிக்கல் வருவது நடுவில் நிற்கும் சாமான்களில்தான். பால் எல்லாருக்குமா, டீ போட்டுக் குடிக்கிற மூன்று பேருக்கு மட்டுமா? முட்டை? கறி சாப்பிடாதவன் ஒருவன் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கோழி அவன் தலையில் ஏறக் கூடாது. குடிக்கிற செலவு எந்தக் காரணம் கொண்டும் பொதுக் கணக்குக்குள் வரக் கூடாது. இதில் நான் கறாராக இருந்தேன், இன்றும் அதுதான் சரி என்று நினைக்கிறேன். குடிக்காதவன் மூன்று மாதம் சிரித்துக்கொண்டே பங்கு கொடுப்பான், நாலாவது மாதம் வேறு எதற்கோ வெடிப்பான்.

இரண்டாவது, எந்தத் தொகைக்குக் கீழே எழுத வேண்டாம் என்பது. நாங்கள் 30 ரூபாய் என்று வைத்திருந்தோம். டீ, வடை, ஷேர் ஆட்டோவில் பக்கத்து ஸ்டாப் வரைக்கும் போவது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். இன்றைய விலைக்கு 50 என்றும் வைத்துக்கொள்ளலாம். எல்லை இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். டீக்காசை அளந்துகொண்டிருந்தால் டீ இறங்காது.

மூன்றாவது, கணக்கு முடிக்கும் தேதி. ஒருவனுக்கு 30-ஆம் தேதி சம்பளம், ஒருவனுக்கு 1-ஆம் தேதி, கடைசி ஆளுக்கு 7-ஆம் தேதி என்றால், 8-ஆம் தேதி என்று வையுங்கள். யாருக்குக் கடைசியாகச் சம்பளம் வருகிறதோ அவரை ஒட்டித்தான் தேதி அமைய வேண்டும். கையில் காசில்லாத நாளில் கணக்குக் கேட்பது பணம் கேட்பதாக இருக்காது, மானத்தைக் கேட்பதாகிவிடும்.

நாலாவது, மாதக் கடைசியில் கூட்டிக் கழிப்பது யார். மூன்று மாதத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதமும் அவருக்குப் பாத்திரம் கழுவும் முறையில் வாரத்துக்கு ஒரு நாள் விலக்குக் கொடுங்கள். அதுவும் வேலைதான்.

சிட்டையும் பேரேடும்

பழைய கடைகளில் கணக்குப்பிள்ளை இரண்டு நோட்டு வைத்திருப்பார். நடக்க நடக்க அப்படியே எழுதுவது சிட்டை. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே கெட்டுவிடும். அறைக்கணக்குக்கும் அப்படித்தான்.

உங்கள் சிட்டை ஒரு வாட்ஸ்அப் குழு. 'ரூம் கணக்கு' என்று பெயர் வையுங்கள். அதில் கணக்கைத் தவிர வேறொன்றும் வரக் கூடாது; காலை வணக்கம், கிரிக்கெட், மீம் எதுவும் வேண்டாம். அவற்றுக்கு வேறு குழு இருக்கட்டும். ஒவ்வொரு வரியிலும் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: தேதி, யார் கொடுத்தது, எவ்வளவு, எதற்கு, யார் யாருக்கு. இப்படி:

12/6 – கடலூர் – 870 – கேஸ் – 4 பேர்
14/6 – பேராவூரணி (நான்) – 640 – கோழி, மசாலா – 3 பேர், சிவகாசி இல்லை
15/6 – சிவகாசி, நாகர்கோவிலிடம் வாங்கியது – 300 – ஆட்டோ – சொந்தம்

எங்கள் வீட்டில் நாலு பேரையும் ஊர்ப் பெயரால்தான் எழுதுவோம். கடைசி விஷயமான 'யார் யாருக்கு' என்பதைத்தான் எல்லாரும் சோம்பலில் விட்டுவிடுவார்கள். மாதக் கடைசியில் சண்டை வருவதும் அந்த ஓட்டை வழியாகத்தான். மூன்றாவது வரியை எழுதியது பணம் வாங்கிய சிவகாசிக்காரன் என்பதையும் பாருங்கள். பொதுச் செலவை மட்டும் கொடுத்தவர் எழுத வேண்டும், ஏனென்றால் கடையில் நின்றது அவர் ஒருவர்தான். ஆளுக்கு ஆள் கைமாறுவதெல்லாம் வாங்கியவர் எழுதுவது.

எழுத வேண்டிய நேரம் அந்த நிமிடம். கடைப் படி இறங்குவதற்குள். 'ராத்திரி எழுதிக்கலாம்' என்று நினைத்தவை பாதிக்குப் பாதி விட்டுப்போகும். மளிகைக் கடை பில்லையும் உடனே படம் எடுத்துப் போடுங்கள். அந்த வழவழப்புத் தாளில் அச்சு சீக்கிரம் வெளுத்துவிடும், ஆணியில் குத்தி வைத்துப் பயனில்லை.

பேரேடு என்பது மாதம் ஒருமுறை ஒரு பக்கம். நோட்டில் எழுதினாலும் சரி, கூகுள் ஷீட்டில் போட்டாலும் சரி. ஒரு மாதக் கணக்கை அப்படியே காட்டுகிறேன், கழிப்பது எவ்வளவு எளிது என்று தெரியும்.

வாடகை 18,000 நான் கொடுத்தேன். மளிகை, காய்கறி, பால் எல்லாம் சேர்த்து 8,200 சிவகாசிக்காரன். கேஸும் தண்ணி கேனும் 1,300 கடலூர்க்காரன். சோப்பு, பினாயில், பல்பு என்று சில்லறைச் சாமான் 500 நாகர்கோவில்காரன். மொத்தம் 28,000. தலைக்கு 7,000.

புதிதாக வருகிறவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். வாடகையில் நீ எனக்கு 4,500 தரணும், மளிகையில் நான் உனக்கு 2,050 தரணும் என்று ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகப் பிரிப்பார்கள். நாலு செலவுக்குப் பன்னிரண்டு கடன் முளைத்துவிடும். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொருவரும் பொதுவுக்குக் கொடுத்ததிலிருந்து 7,000-ஐக் கழியுங்கள். எனக்கு 11,000 வர வேண்டும். சிவகாசிக்கு 1,200 வர வேண்டும். கடலூர் 5,700 தர வேண்டும். நாகர்கோவில் 6,500 தர வேண்டும். வர வேண்டியது இரண்டையும் கூட்டினால் 12,200. தர வேண்டியது இரண்டையும் கூட்டினாலும் 12,200. இந்த இரண்டும் பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, மேலே போகாமல் அதைத் தேடுங்கள்.

பொருந்திவிட்டால், அதிகம் தர வேண்டியவரிடமிருந்து தொடங்குங்கள். நாகர்கோவில் எனக்கு 6,500. கடலூர் எனக்கு 4,500, சிவகாசிக்கு 1,200. மூன்றே மூன்று முறை பணம் கைமாறியது, கணக்கு நேர். எத்தனை பேர் இருந்தாலும் ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறைவான தடவைக்குள் முடித்துவிடலாம். ஸ்ப்ளிட்வைஸ் போன்ற ஆப்கள் செய்வதும் இதே கழித்தல்தான். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலு பேரும் தவறாமல் ஆப்பைத் திறந்து பதிவார்கள் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது மாதமே இரண்டு பேர் நிறுத்திவிட்டார்கள். வாட்ஸ்அப் எப்படியும் கையில் திறந்தே இருக்கிறது.

சொந்தக் கைமாற்றை இந்தக் கூட்டலில் சேர்க்காதீர்கள். ஜூன் 15-இல் சிவகாசி வாங்கிய 300 பக்கத்தின் அடியில் தனியாக நிற்கட்டும். இரண்டு பேருக்குள் உள்ளதைப் பொதுவோடு கலந்தால் மூன்றாவது ஆள் அவர்களுடைய விஷயத்துக்குள் தலையிட வேண்டி வரும்.

ஊருக்குப் போனவன் பங்கு

பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தவன், 'நான்தான் சாப்பிடவே இல்லையே' என்பான். நியாயம்தான். வாடகையிலும் இன்டர்நெட்டிலும் கழிவு கிடையாது, ஏனென்றால் அவன் கட்டில் காலியாக அவனுக்காகத்தான் காத்திருந்தது. சாப்பாட்டுச் செலவில் மட்டும் கழிக்கலாம், அதுவும் ஐந்து நாளுக்கு மேல் போயிருந்தால். கல்லூரி விடுதியில், மொத்தச் செலவைச் சாப்பிட்ட நாளுக்கு ஏற்பப் பிரிக்கும் டிவைடிங் மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பழகியதுதான். நாலு பேர், முப்பது நாள், மொத்தம் 120 ஆள்-நாள். ஒருவன் பத்து நாள் இல்லை, ஆக 110. சாப்பாட்டுச் செலவு 8,250 என்றால் ஓர் ஆள்-நாளுக்கு 75 ரூபாய். போனவன் இருபது நாளுக்கு 1,500, மற்ற மூவரும் ஆளுக்கு 2,250. அறைக்கு வந்து இரண்டு நாள் தங்கிய தம்பிக்கோ நண்பனுக்கோ ஆள்-நாள் கணக்குப் போட வேண்டாம். வந்தவர்கள் சாப்பிட்டுப் போகட்டும். ஒரு வாரத்தைத் தாண்டினால் அழைத்து வந்தவரே முன்வந்து, 'இந்த மாசம் என் பேருல ஒரு ஆள் சேர்த்துக்கோங்க' என்று சொல்வது அழகு.

இ.பி. பில் வேறு மாதிரி. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு எடுப்பார்கள். குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதமே மாறிவிடும். அதனால் ஒரு அறையில் மட்டும் ஏ.சி. இருந்தால் மொத்தத்தை நாலாகப் பிரிப்பது அநியாயம். ஏ.சி. போடுவதற்கு முன் இரண்டு மாதத்துக்கு எவ்வளவு வந்ததோ அதை நாலாகப் பிரியுங்கள். அதற்கு மேல் வந்ததை ஏ.சி. அறையில் படுக்கிறவர்கள் ஏற்றுக்கொள்ளட்டும். நடுவில் ஒருவர் வந்து சேர்ந்தாலோ கிளம்பினாலோ அன்றைக்கே மீட்டரைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள். இந்த ஒரு படம் மிச்சப்படுத்திய வாக்குவாதம் கொஞ்சமில்லை.

பணம் அனுப்பும்போது

ரொக்கம் என்றால் வாங்கியவர் அங்கேயே, கொடுத்தவர் எதிரிலேயே குழுவில் எழுத வேண்டும்: '500 வந்தது, பாக்கி இல்லை.' கோயம்பேட்டில் நான் அந்த ஒரு வரியைத் தட்டியிருந்தால் தேனிக்காரன் இன்றும் என் நண்பன்.

யுபிஐ என்றால் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். 'ஜூன் கணக்கு', 'கேஸ் பங்கு' என்று நாலு எழுத்துப் போட்டால் போதும். ஆறு மாதம் கழித்துத் தேடும்போது 'எதுக்கு அனுப்பினேன்' என்று மண்டையை உடைக்க வேண்டாம். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று வரும். பணம் போனது, வரவில்லை என்ற குழப்பம் வந்தால் வங்கியில் அந்த எண்தான் பேசும். பின் நம்பர் போடாமல் அனுப்பும் யுபிஐ லைட்டில் அனுப்பிய சின்னத் தொகைகள் வங்கிக் கணக்கு விவரத்தில் தனித்தனியாக வராது, ஆப்பில்தான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பாஸ்புக்கில் தேடி ஏமாறாதீர்கள்.

முன்பெல்லாம் நண்பனிடம் ஆப் வழியாகவே பணம் கேட்டு ஒரு கோரிக்கை அனுப்பிவிடலாம். மோசடிகள் பெருகியதால் தனிநபர்களுக்குள் அப்படிக் கேட்கும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே இனி வாய் திறந்து கேட்பதுதான் வழி. யாராவது உங்கள் நண்பன் பெயரில் வந்து, 'காசு அனுப்பறேன், பின் நம்பர் போடு' என்றால் போடாதீர்கள். உங்களுக்குப் பணம் வர பின் நம்பர் தேவையில்லை.

கைமாற்று கேட்பதும் கொடுப்பதும்

பெட்டிக்கடைகளில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். கடைக்காரருக்கு அது சரி. ஊரை விட்டு வந்து நாலு சுவருக்குள் இருக்கிற நமக்கு, மாதக் கடைசியில் ஒருவருக்கொருவர் கைமாற்று இல்லாமல் வண்டி ஓடாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வந்தால் பஸ் காசுக்கு வங்கியையா தட்டி எழுப்ப முடியும்? பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனைத்தான் எழுப்ப வேண்டும்.

கேட்கிறவர் தொகையையும் தேதியையும் தானே சொல்ல வேண்டும். "ஏதாவது இருந்தா குடுடா" என்று கேட்காதீர்கள். "ஆயிரம் வேணும், 8-ஆம் தேதி கணக்கோட சேர்த்துக் குடுத்துடறேன்" என்று கேளுங்கள். வாங்கியதும் கொடுத்தவருக்குத் தனியாக ஒரு வரி அனுப்புங்கள்: 'இன்னைக்கு உன்கிட்ட 1,000 வாங்கியிருக்கேன், 8-ஆம் தேதி தரணும்.' பொதுக் குழுவில் வேண்டாம். ஆட்டோக் காசு முந்நூறு வேறு, ஒருவனுடைய கஷ்டம் வேறு. அந்தத் தேதியில் முடியாவிட்டால், தேதிக்கு முந்தின நாளே நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள். பாதி இருந்தால் பாதியைக் கொடுங்கள். தேதி கடந்த பிறகு சொல்லும் அதே வார்த்தை சாக்காகிவிடுகிறது.

கொடுக்கிறவருக்கு ஒரு சொல். எவ்வளவு திரும்பி வராவிட்டாலும் உங்களால் அந்த மாதத்தைத் தள்ள முடியுமோ அவ்வளவுதான் கொடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று அப்போதே சொல்லிவிடுங்கள். "ரெண்டாயிரம் இல்லடா, ஐந்நூறு இருக்கு, வச்சுக்கோ" என்று சொன்னதால் எனக்கு எந்த நட்பும் போனதில்லை. 'பார்க்கறேன்' என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் போனை எடுக்காமல் இருந்தவர்கள்தான் நண்பனை இழந்தார்கள்.

ட்ரீட் என்றால் ட்ரீட். பில் வரும்போதே 'இது என்னோடது' என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் பங்கு தருவார்கள் என்று உள்ளுக்குள் காத்திருப்பது நல்லதில்லை. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்ற வார்த்தையை வீட்டு வாசலிலேயே விட்டுவிடுங்கள். கொடுத்தவன் 'அப்புறம் தருவான்' என்று எடுத்துக்கொள்வான், சாப்பிட்டவன் 'விட்டுட்டான்' என்று எடுத்துக்கொள்வான். இரண்டு பேரும் நல்லவர்கள்.

சுற்றுலா

ஊர் சுற்றப் போகும்போது சிட்டை எழுதிக்கொண்டிருக்க முடியாது. கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிய களைப்பில் யாருக்குக் கணக்கு நினைவிருக்கும்? அதற்குப் பொதுப் பை ஒன்றுதான் வழி. கிளம்புவதற்கு முன் ஆளுக்கு 2,000 போடுங்கள். அந்த 8,000 ஒருவர் கையில். பெட்ரோல், அறை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் அந்தப் பையிலிருந்து மட்டும். வழியில் குறைந்தால் மறுபடி ஆளுக்குச் சமமாகப் போடுங்கள். திரும்பி வந்த அன்றே மிச்சத்தைப் பிரித்துவிடுங்கள். 640 மிஞ்சினால் ஆளுக்கு 160. மலைத்தேன், மிளகு என்று வீட்டுக்கு வாங்குவது அவரவர் சொந்தக் காசு.

திரும்பி வராத பணம்

எல்லாம் செய்தும் ஒருவர் தராமல் இழுப்பார். முதல் தடவை தேதியோடு, தனியாக, நேராகக் கேளுங்கள்: "டேய், போன மாசம் 4-ஆம் தேதி 1,200 வாங்கினேல்ல, இந்த மாசம் முடியுமா?" நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குத்திக்காட்டாதீர்கள். சம்பளம் தாமதமா, வீட்டில் ஏதாவதா என்று கேளுங்கள். பல நேரம் பின்னால் உண்மையான கஷ்டம் இருக்கும். அப்போது மாதம் முந்நூறு என்று பிரித்துக்கொடுக்கச் சொல்லலாம். மூன்று தடவை கேட்டும் பதில் இல்லையென்றால், சின்னத் தொகை என்றால் விட்டுவிட்டேன் என்று அவரிடமே சொல்லி அந்த வரியை அடித்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒதுங்குவார், நீங்கள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கணக்குப் பார்ப்பீர்கள். சொல்லி விட்ட பிறகு அடுத்த கைமாற்று மட்டும் கொடுக்காதீர்கள்.

பெரிய தொகை இந்த வழிகாட்டிக்குள் அடங்காது. பைக் முன்பணம், தங்கை கல்யாணம் என்று கேட்டால் நண்பனாக இருந்தாலும் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி புரோ நோட்டு எழுதி வாங்குங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வழக்குப் போட மூன்று வருடக் கெடு உண்டு என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது

அட்வான்ஸில் யார் எவ்வளவு போட்டார்கள் என்பது நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வந்த அன்றே எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டு. ஒருவர் கிளம்பினால் அவர் பங்கைப் புதிதாக வருகிறவர் நேராக அவரிடமே கொடுக்கட்டும். வீட்டுக்காரரிடம் போக வேண்டியதில்லை, அவருக்குச் சொல்லி, ஒப்பந்தத்தில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். பெயர் மாற்றும் அன்று பழைய பக்கத்தில் அடித்துத் திருத்தாமல் புதுப் பக்கத்தில் எழுதுங்கள்.

பிறகு மீட்டரைப் படம் எடுங்கள். கடைசியாகக் கணக்கு எடுத்ததிலிருந்து எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று பார்த்து, போன பில்லை வைத்துத் தோராயமாக அவர் பங்கைக் கணக்கிட்டு அன்றே வாங்கிவிடுங்கள். 'பில் வந்ததும் அனுப்பறேன்' என்று போனவர்களில் பாதிப் பேருக்குப் பில் வரும்போது நம்பரே மாறியிருக்கும். மிச்ச மளிகைக்கு அவருக்கு ஏதாவது சேர வேண்டுமென்றால் அதையும் கழித்துவிடுங்கள். அரை மூட்டை அரிசி, பாதி சிலிண்டர் என்றால் குத்துமதிப்பாகப் போதும். பெட்டியை ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் 'கணக்கு நேர், பாக்கி இல்லை' என்று குழுவில் எழுதிவிடுங்கள். அந்த வரி வந்த பிறகுதான் நாங்கள் கீழே போய் ஆட்டோ கூப்பிடுவோம்.